கொல்லைப்புறத்தில் உறைந்த மழை

வேதவாசிப்பு: யோபு 38:22–30, சங்கீதம் 147:12–18

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமானவர்களே,



நாம் வாழும் இந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் டிசம்பர் பிறந்தாலே பிள்ளைகளின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே திரும்பிவிடுகின்றன. ஆயினும் சில ஆண்டுகளில் பனிக்குப் பதிலாக மழையே பெய்து, கிறிஸ்து பிறப்பின் பண்டிகை நாளிலும் புல்வெளி பழுப்பாகவே கிடக்கிறது. ஆகையால் நம் சபையில் சில வீட்டார் தங்கள் கொல்லைப்புறத்திலேயே இயந்திரம் வைத்துப் பனி உண்டாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதைக் குறித்து நம் நடுவில் இருவிதமான பேச்சு எழுந்திருக்கிறது. தேவன் தராததை மனுஷன் உண்டாக்குவது துணிகரம் அல்லவா என்கிறார்கள் ஒரு சாரார். தண்ணீரும் மின்சாரமும் நேரமும் விரயமாகின்றன, விசுவாசிக்கு இது தகுமா என்கிறார்கள் மற்றொரு சாரார். இந்தப் பேச்சினால் ஒரு தகப்பன் மனம் நொந்து, இயந்திரத்தையே விற்றுவிட எண்ணுகிறார் என்றும் அறிகிறேன்.

ஒரு சகோதரனுடைய சந்தோஷத்தைப் பாவம் என்று தீர்ப்பதற்குமுன், அந்தக் காரியம் இன்னதென்று ஆராய்ந்து பார்ப்பது நமது கடமை. என் கருத்து இதுவே: இது குற்றமற்ற, நல்லதொரு பொழுதுபோக்கு. அதுமட்டுமல்ல, மனுஷனால் ஆகக்கூடியது எவ்வளவு கொஞ்சம் என்பதை இதைப்போலத் தெளிவாகக் கற்றுத்தரும் விளையாட்டு வேறொன்று உண்டோ என்பது எனக்குச் சந்தேகமே.

முதலாவது, இந்தக் கலை பிறந்த கதையைக் கேளுங்கள். அது நமக்கு அடுத்துள்ள கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தது. 1949–50 குளிர்காலத்தில் அங்கே பனி மிகவும் குறைவாகப் பெய்தது. மில்ஃபோர்ட் ஊரில் வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி என்ற மூவர் பனிச்சறுக்குப் பலகைகள் செய்யும் தொழில் நடத்திவந்தார்கள். பனி இல்லாதபோது சறுக்குப் பலகையை வாங்குவார் யார்? வியாபாரம் நலிந்தது. அப்பொழுது பியர்ஸ் ஒன்றை யோசித்தார்: நீர்த்துளிகளை மிக நுண்ணியவையாக்கி உறைகுளிர்க் காற்றில் ஊதினால் அவை பனியாக விழும் அல்லவா? 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் வண்ணம் தெளிக்கும் கம்ப்ரஸர் ஒன்றையும், ஒரு நாசிலையும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயையும் இணைத்து அதைச் செய்தும் காட்டினார்கள். 1954இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்று பெரிய மலைச்சரிவுகளை மூடும் இயந்திரங்களுக்கெல்லாம் மூலம், எந்த வீட்டுக் கொட்டகையிலும் கிடக்கக்கூடிய இந்தச் சாமான்களே.

வீட்டில் இதைச் செய்கிறவர்களும் ஏறக்குறைய அவ்விதமே செய்கிறார்கள். வாகனம் கழுவ உதவும் பிரஷர் வாஷர் தண்ணீரை அழுத்தத்தோடு தள்ளுகிறது. சிறிய நாசில்கள் அதைப் புகைபோலச் சிதறடிக்கின்றன. இன்னொரு நாசிலில் கம்ப்ரஸரின் காற்றும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து வெளிவருகின்றன. அழுத்தப்பட்ட காற்று வெளியேறி விரியும்போது மிகவும் குளிர்ந்து, அதிலுள்ள துளிகளை மிகச் சிறிய பனித்துகள்களாக உறையச் செய்கிறது. இந்தத் துகள்களே விதைகள். மற்ற துளிகள் இவற்றின்மேல் மோதி உறைந்து நிலத்தில் விழுகின்றன.

விதை எதற்கு என்று கேட்பீர்கள். தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் தூய்மையான நுண்துளியானது, பற்றிக்கொள்ள ஒரு தூசியோ துகளோ இல்லாவிட்டால், அதற்கு வெகு கீழேயும் உறையாமல் திரவமாகவே இருக்கும். ஏறக்குறைய மைனஸ் 38 டிகிரி வரையிலும் அது அப்படித் தாங்கும். குளிர் சூழ்ந்திருந்தும், பற்றிக்கொள்ள ஒன்று இல்லாமையால் அது மாறுவதில்லை. சபையின் நடுவிலே பல ஆண்டுகள் அமர்ந்திருந்தும் மாறாத இருதயத்தை இது எனக்கு நினைப்பூட்டுகிறது. சூழ்நிலை மாத்திரம் போதாது. வசனமாகிய விதை உள்ளே விழவேண்டும்.

இனி முக்கியமான காரியத்திற்கு வருகிறேன். தண்ணீர் மனுஷன் கொடுத்தான், காற்றின் அழுத்தத்தையும் விதையையும் மனுஷன் கொடுத்தான். ஆனால் குளிரை யார் கொடுத்தது? அதை அவன் வாங்க முடியாது. காற்றின் வெப்பம் மாத்திரமல்ல, ஈரப்பதமும் கணக்கில் உண்டு. பறக்கும் துளியிலிருந்து சிறிது நீர் ஆவியாகி, வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இந்த நியதியின்படியே. ஆகவே காற்று உலர்ந்திருந்தால் 0 டிகிரிக்குச் சற்று மேலேயும் பனி உண்டாகலாம். காற்று ஈரமாயிருந்தால் மைனஸ் 1 டிகிரியிலும் வெறும் தண்ணீரே விழும். இவ்விரண்டையும் சேர்த்து அளப்பதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை, எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் புல்லை நனைக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது.

ஆகையால் இந்த வேலையில் ஈடுபடுகிறவன் பெரும்பாலும் என்ன செய்கிறான்? காத்திருக்கிறான். குழாயைப் பூட்டி, நாசிலைத் துடைத்து, இரவு எப்பொழுது குளிரும் என்று வானத்தை நோக்கிக்கொண்டிருக்கிறான். அவனைத் துணிகரக்காரன் என்று எப்படிச் சொல்லுவது? உழவன் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஒருவன் நடுகிறான், ஒருவன் நீர்ப்பாய்ச்சுகிறான், விளையச்செய்கிறவரோ தேவன் என்று அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய சத்தியத்தை, இவன் நள்ளிரவில் உறைந்த விரல்களோடு கற்றுக்கொள்கிறான்.

அளவையும் சிந்தியுங்கள். நிமிடத்திற்கு 7 லிட்டர் தள்ளும் ஒரு பிரஷர் வாஷர் ஒரு மணி நேரத்தில் 420 லிட்டர் தண்ணீரைச் செலவழித்து, சுமார் ஒரு கனமீட்டர் பனியைத் தரும். 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் அதைப் பரப்பினால் கிடைப்பது 1 சென்டிமீட்டர். எட்டு மணி நேரம் உறங்காமல் உழைத்தாலும் நான்கு விரற்கடை உயரமே. கர்த்தரோ ஓசையின்றி ஒரே இரவில் ஒரு மாநிலம் முழுவதையும் முழங்கால் அளவுக்கு மூடிவிடுகிறார். உறைந்த மழையின் பண்டசாலைகளுக்குள் நீ போனதுண்டோ என்று யோபுவைக் கேட்ட கேள்விக்கு, இயந்திரம் வைத்திருப்பவனைவிடத் தாழ்மையாகப் பதில் சொல்லக்கூடியவன் யார்?

இங்கே நம் தமிழ் வேதாகமத்தின் ஒரு சொல்லைக் கவனியுங்கள். நமது தேசத்தின் வழக்கில் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் நிற்கும் ஈரம். எர்மோனின் பனி என்று சங்கீதத்தில் வாசிப்பதும் அதுவே. வானத்திலிருந்து வெண்மையாக விழுவதை நம் மூதாதையர் கண்டதில்லை. ஆகவே மொழிபெயர்த்தவர்கள் அதற்கு உறைந்த மழை என்று பெயரிட்டார்கள். அழகான பெயர். ஆனால் அறிவியலின்படி பார்த்தால், வானத்துப் பனி உறைந்த மழை அன்று. மேகத்தில் உள்ள நீராவி, துளியாகாமலே, ஒரு தூசியின்மேல் நேராகப் படிந்து, இறங்கும் வழியெல்லாம் ஆறு கரங்களோடு வளர்கிறது. உள்ளிருந்து வெளியே வளரும் வளர்ச்சி அது. கொல்லைப்புறத்தில் நாம் உண்டாக்குவதே உண்மையில் உறைந்த மழை: ஒரு நீர்த்துளி வெளிப்புறம் முதலில் இறுகி, பின்பு உள்ளே உறைந்து, உருண்டையாக விழுகிறது. அதில் ஆறு கரங்கள் இல்லை.

அந்த ஆறு கரங்களைக் குறித்து வியந்தவர்களும் உண்டு. போதகராக ஊழியம் செய்ய எண்ணி டியூபிங்கனில் இறையியல் படித்த யோகன்னஸ் கெப்ளர், 1611இல் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறுநூல் எழுதினார். பனித்துகளுக்கு ஏன் எப்பொழுதும் ஆறு மூலைகள் என்பதே அதன் கேள்வி. பல விதமாக ஆராய்ந்தும் முடிவான விடை தனக்குக் கிட்டவில்லை என்று அவர் மறைக்காமல் எழுதினார். வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ கிராமத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரி 15 அன்று, தம் 19ஆம் வயதில், நுண்நோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒரு பனித்துகளைப் படமெடுத்தார். தம் மூச்சுப்பட்டால் அது உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தார். 1931இல் அவர் மரிக்குமுன் எடுத்த படங்கள் 5,000க்கும் அதிகம். ஜப்பானில் உக்கிசிரோ நக்காயா, 1936 மார்ச் மாதத்தில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில் முயல்மயிர் ஒன்றின் நுனியில் ஒரே ஒரு மெய்யான பனித்துகளை வளரச்செய்தார். ஒன்றை வளர்ப்பதற்கே அத்தனை பிரயாசம்! இவர்களில் எவரையும் ஆராய்ச்சி அகந்தைக்கு நடத்தவில்லை. அது அவர்களை மூச்சடக்கி நிற்கவே பழக்கியது.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இது வீண் விளையாட்டா? சகரியா 8ஆம் அதிகாரத்தில் எருசலேமின் மீட்பைக் கர்த்தர் வர்ணிக்கும்போது, கோலூன்றிய முதியோரோடு, வீதிகளில் விளையாடும் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் காட்டுகிறார். விளையாட்டுச் சத்தம் அவருடைய பார்வையில் மீட்பின் அடையாளங்களில் ஒன்று. பகலெல்லாம் வேலை, மாலையெல்லாம் திரை என்று வாழும் இந்நாட்களில், ஒரு தகப்பன் தன் பிள்ளைகளோடு குளிரில் நின்று ஒரு காரியத்தைச் செய்வது விரயம் என்று நான் எண்ணவில்லை. மற்றவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்க நீ யார் என்ற ரோமர் 14ஆம் அதிகாரத்தின் கேள்வி, போஜனத்திற்கு மாத்திரமல்ல, இதற்கும் பொருந்தும்.

ஆயினும் இதைச் செய்கிறவர்களுக்கும் நான் சொல்லவேண்டியவை உண்டு.

பனி உண்டாக்கத் தகுந்த நேரம் பெரும்பாலும் நள்ளிரவு. கம்ப்ரஸரின் இரைச்சலோ சிறியதல்ல. அதிகாலையில் உரத்த சத்தமாய்ச் சிநேகிதனை ஆசீர்வதித்தாலும் அது சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27 எச்சரிக்கிறது. ஆசீர்வாதத்திற்கே அப்படியென்றால் கம்ப்ரஸருக்கு எப்படி? அயலாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உறங்கும் வேளையில் நிறுத்துங்கள். காற்று திரும்பினால் உங்கள் நீர்த்துளிகள் அவர்களுடைய நடைபாதையில் கண்ணாடிபோல உறையும். அதில் ஒரு முதியவர் வழுக்கி விழுந்தால், உங்கள் பிள்ளைகளின் சந்தோஷம் அவருடைய இடுப்பெலும்பின் விலைக்கு வாங்கப்பட்டதாகும். கிணற்றுநீர் குறைந்த ஆண்டிலும், ஊராட்சி கட்டுப்பாடு விதித்த காலத்திலும் இயந்திரத்தைத் தொடாதிருங்கள். ஈரத்தின் நடுவே மின்கம்பியைக் கையாளுகையில் விழிப்பாயிருங்கள். சனிக்கிழமை இரவெல்லாம் விழித்திருந்து கர்த்தருடைய நாளில் ஆலயத்தின் ஆசனத்தில் உறங்குவீர்களானால், விளையாட்டு எஜமானாகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தப் பனியை வேலிக்குள் பூட்டிவைக்காதிருங்கள். இந்தத் தேசத்திற்குப் புதிதாக வந்து, பனியையே காணாத பிள்ளைகள் நம் சபையில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குளிரை இலவசமாகப் பெற்றீர்கள், அதின் விளைவையும் இலவசமாகக் கொடுங்கள். உங்களைக் குறைகூறிய சகோதரரின் பேரப்பிள்ளைகளை முதலாவது அழையுங்கள். மனஸ்தாபம் தீருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குறைகூறியவர்களே, அழைப்பு வந்தால் மறுக்காமல் போங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வானத்துப் பனியைவிட அது கனமானது, நெருக்கமானது. ஆகையால் அதைவிட மெதுவாக உருகும். ஆனாலும் உருகும். தம் வார்த்தையை அனுப்பி அவர் உருகப்பண்ணுகிறார் என்று சங்கீதக்காரன் பாடுவது இரண்டிற்கும் பொருந்தும். உருகிய நீர் வசந்தகாலத்தில் அந்த முற்றத்தின் மண்ணுக்குள் இறங்கும். மனுஷன் ஊதியதானாலும் வானம் பொழிந்ததானாலும், அது பூமியை நனையாமல் திரும்புவதில்லை.

ஜெபிப்போம்: குளிரையும் வெயிலையும் தருகிற பிதாவே, நாங்கள் உண்டாக்கினோம் என்று பெருமைபாராட்டாமல், பெற்றுக்கொண்டோம் என்று நன்றி செலுத்த எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் சந்தோஷங்கள் அயலாருக்குப் பாரமாகாமலும், எங்கள் வைராக்கியம் சகோதரரை நோகப்பண்ணாமலும் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்