தங்கை வீட்டுச் சன்னலில் பனிக்கட்டி

சென்ற டிசம்பரில், டொரோண்டோவில் இருக்கும் என் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினாள். படுக்கையறைச் சன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சுண்ணாம்போ என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டிக் காட்டினாள். பனிக்கட்டி! வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே. திரைச்சீலையை விலக்கினால் சுவரில் திட்டுத் திட்டாகக் கறுப்புப் பூஞ்சணம். அந்த அறையில்தான் அவளுடைய நான்கு வயது மகன் தூங்குகிறான். அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு.

அவர்கள் வாங்கியது 1970களில் கட்டிய வீடு. சன்னல் எல்லாம் பழைய அலுமினியம். “மாத்தித்தான் ஆகணும் அக்கா. என்ன போடலாம்?” என்று கேட்டாள்.

“நல்ல அலுமினியமாகப் பார்த்துப் போடு. எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒரு குறையும் இல்லை” என்றேன், யோசிக்காமல்.

வீவக வீட்டில் வாழ்ந்து பழகியவர்கள் இப்படித்தான் சொல்வோம். நமக்கு மழையும் வெயிலும் கரையானும்தான் கவலை; அலுமினியம் மூன்றுக்கும் அசையாது. திருகும் ரிவெட்டும் தளர்ந்து சன்னல் கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் வெளியே மைனஸ் 15, உள்ளே 20 டிகிரி என்றிருக்கும் ஊரில் கேள்வியே வேறு.

கொதிக்கும் சாம்பாரில் அலுமினியக் கரண்டியைப் போட்டுவைத்தால் சற்று நேரத்தில் கையைச் சுடும். மர அகப்பை சுடாது. சன்னல் சட்டமும் அப்படித்தான். பிவிசியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக அலுமினியம் வெப்பத்தைக் கடத்துகிறது. வீட்டுச் சூடு சட்டம் வழியாக வெளியேற, சட்டத்தின் உட்புறம் சில்லிட்டுப் போகிறது. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். நம் வீடுகளில் இட்லி வேகும், சோறு கொதிக்கும், குக்கர் ஆவி விடும். ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த நீர்தான் உறைகிறது. உருகி வழிந்து பூஞ்சணம் பிடிக்கிறது.

கண்ணாடியை மட்டும் மூன்றடுக்காக மாற்றினால் போதாதா என்று மைத்துனர் கேட்டார். போதாது. ஒரு சன்னலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சட்டம்தான். உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பாலியமைடு பட்டை வைத்த அலுமினியமும் கிடைக்கிறது. பழையதைவிட நல்லதுதான், ஆனால் கடுங்குளிருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரம் அழகு, குளிரையும் தடுக்கும். ஆனால் வண்ணப்பூச்சைக் கவனிக்காமல் விட்டால் உளுத்துப்போகும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதை யார் பார்ப்பது? மிச்சம் இருப்பவை இரண்டு.

முதலாவது வினைல், அதாவது பிவிசி. விலை குறைவு, வண்ணம் பூச வேண்டாம். உள்ளே பல அறைகளாகக் காற்று அடைபட்டிருப்பதால் குளிரை நன்றாகத் தடுக்கும். குறை என்னவென்றால், அது சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். ஒன்றரை மீட்டர் சட்டம், மைனஸ் 25இலிருந்து கோடையின் 35 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. சிறிய சன்னலில் இது பெரிதாகத் தெரியாது. பெரிய சன்னலில், அதுவும் வெயில் படும் பக்கம் கறுப்பு நிறத்தில் போட்டால், வளையலாம். கறுப்புச் சட்டம்தான் இப்போது ஃபேஷன் என்று தங்கை ஆசைப்பட்டாள். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது ஃபைபர் கிளாஸ். கண்ணாடி அளவுக்கே நீளும், சுருங்கும்; உறுதியும் அதிகம். விலையும் அதிகம்.

கடைசியில் படுக்கையறைகளுக்கு வெள்ளை வினைல், தெற்கு நோக்கிய கூடத்துப் பெரிய சன்னலுக்கு மட்டும் ஃபைபர் கிளாஸ் என்று முடிவானது. தள்ளித் திறக்கும் வகை வேண்டாம், கதவு போல் திறந்து மூடும் வகையே கேள் என்றும் சொன்னேன். மூடும்போது ரப்பரோடு அழுந்தி உட்காருவதால் காற்று புகாது. விலைப்பட்டியலில் யு மதிப்பைப் பாருங்கள். எண் குறையக் குறைய நல்லது. கனடாவில் இஆர் என்ற எண்ணும் இருக்கும். அது கூடக் கூட நல்லது. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு நாங்கள் ஒரு மாலையை வீணடித்தோம்.

பொருத்துகிறவரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: சட்டத்தைச் சுற்றிய இடைவெளியில் எந்த நுரையை அடைக்கப்போகிறார்? அதிகம் உப்பாத வகைதான் வேண்டும். சாதாரண நுரை உப்பி வினைல் சட்டத்தையே நெளித்துவிடும்.

பிப்ரவரியில் மறுபடி காணொளி வந்தது. மகன் அறைச் சட்டம் காய்ந்திருந்தது. பணம் போதாமல் சமையலறைச் சன்னலை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். இட்லி வெந்துகொண்டிருந்தது, அந்தப் பழைய அலுமினியத்தின்மேல் தங்கை ஒரு துண்டை விரித்து வைத்திருந்தாள்.