ஒரே உலை

‘அரிசி மூட்டைக் கிறித்தவர்கள்’ என்று ஏசுவது இணையத்தில் சிலருக்குப் பொழுதுபோக்கு. பதிலுக்கு, ‘எங்கள் முன்னோர் சோற்றுக்காக மதம் மாறவில்லை’ என்று பதறுகிற கிறித்தவ நண்பர்களையும் பார்க்கிறோம். ஏசுபவர்களை விட்டுவிடுவோம். பதறுபவர்களோடுதான் நமக்கு வழக்கு. சோறு எப்போது இழிவானது?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்பில் எவருடைய விசுவாசப் பிரமாணமும் விசாரிக்கப்படவில்லை; பசித்தவனுக்கு உணவிட்டாயா என்பதே விசாரணை. வெறும் வாழ்த்தோடு ஏழையை அனுப்பிவைக்கும் விசுவாசத்தை யாக்கோபின் நிருபம் பிணம் என்றே தள்ளுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. வசதியுள்ளோர் முந்தி உண்டு தீர்க்க, இல்லாதோர் பசித்திருந்த சபை அது. அங்கே நடந்ததைத் திருவிருந்து என்று ஏற்கவே பவுல் மறுக்கிறார். ஆக, வேதம் கேட்பது ஈகையை மட்டுமன்று, பந்தியை.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், இதைத் தம் கிராமிய இசைப் பாடல்களின் வழியே ‘ஒரு உலை’ என்று தமிழாக்கினார். ஒரே உலையில் பொங்கும் வீட்டில் ஒருவன் உண்ண இன்னொருவன் பட்டினி கிடப்பதில்லை. கர்த்தருடைய ஜெபமும் உணவை ‘எனக்கு’ என்று கேட்கவில்லை. ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறது. இந்த ‘எங்களுக்கு’ள் யார் யார் அடக்கம் என்பதே கேள்வி.

மதுரைக்கு இது புதிய கேள்வியுமன்று. இங்கே 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று 1847இல் உறுதியாக நின்றது. சாதியை விட்டதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டது சேர்ந்துண்ணல். பலர் சபையை இழக்கச் சம்மதித்தார்கள், சேர்ந்துண்ணச் சம்மதிக்கவில்லை. மிஷனரிகளின் அதிகாரத் தோரணையை நாம் விமர்சிக்கலாம். ஆனால் அவர்கள் கைவைத்த இடம் சரியான இடம். கொடுப்பது எளிது, உடன் உட்காருவதுதான் கடினம்.

இன்றும் அதுவே நிலை. கிறிஸ்துமஸ் வந்தால் வரிசையில் நிற்கவைத்து அரிசிப் பை கொடுத்து, புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். வாங்கியவர் பையோடு தம் தெருவுக்குப் போகிறார், கொடுத்தவர் தம் தெருவுக்கு. கல்லறையிலும் சாதிச் சுவர் வைத்திருக்கும் தமிழ்க் கிறித்தவத்துக்கு இந்த ஏற்பாடு வசதியானது. பசி தணிகிறது, படிநிலை அப்படியே இருக்கிறது.

மணிமேகலையின் ஆபுத்திரன் இதே மதுரையில் இரந்து கொண்டுவந்த சோற்றைப் பார்வையற்றோரையும் ஆதரவற்றோரையும் கூவி அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அமுதசுரபி கைக்கு வருமுன்பே அவன் அதைச் செய்தான்.

பசிக்கு வந்தவர்களால் சபைக்கு இழுக்கில்லை. வந்தவர்களைத் தனிப்பந்தியில் உட்காரவைத்ததுதான் இழுக்கு. நண்பர்கள் வெட்கப்பட விரும்பினால் அதற்கு வெட்கப்படட்டும்.