துப்பாக்கி இங்கே, தொலைநோக்கி எங்கே?

இரண்டாம் உலக யுத்தம் 1945-ல் முடிந்தது. அதில் முழங்கிய துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன. ஆனால், அவற்றைத் தேடும் வேட்டை மட்டும் இன்னும் ஓயவில்லை!

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பலர் உண்டு. அவர்களில் சிலர் அலைவது துப்பாக்கிக்காக அல்ல. அதன்மேல் இருந்த சிறு தொலைநோக்கிக்காகவும், அதைத் தாங்கிய இரும்புப் பிடிக்காகவும்தான்.

ஏன் இந்த மோகம்?

மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் தனி ரகத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தது. நம் நாட்டுப் போலீசார் பல்லாண்டு சுமந்த '303' துப்பாக்கியின் இனத்தைச் சேர்ந்தது அது. நன்றாகச் சுடும் துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்து, லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்குத் தொலைநோக்கி பொருத்தப்பட்டது. தூரத்துப் பொருளை அது 3 மடங்கு பெரிதாகக் காட்டும்.

ஒரு துப்பாக்கிக்குச் சரி செய்த தொலைநோக்கி இன்னொன்றில் குறி தவறும். ஆகவே, துப்பாக்கியின் எண்ணைப் பிடியில் பொறித்தார்கள். தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் பொறித்தார்கள். மாலை மாற்றிக்கொண்ட தம்பதிபோல, ஒன்றின் அடையாளம் மற்றொன்றில் இருந்தது.

ஜோடி பிரிந்தது

யுத்தத்துக்குப் பின் இந்த ஜோடிகள் பல பிரிந்தன. கையால் திருகிக் கழற்றக்கூடிய தொலைநோக்கி தனியே போயிற்று. துப்பாக்கி தனியே போயிற்று. ரஷ்யாவிலோ, தொலைநோக்கியைக் கழற்றி, திருகாணித் துளைகளை அடைத்து, பல துப்பாக்கிகளைச் சாதாரணத் துப்பாக்கிகளாகவே மாற்றிவிட்டார்கள்.

அன்று வேண்டாத பொருள். இன்று தேடினாலும் கிடைக்காத பொருள்! ஜோடி பிரியாமல் கிடைத்தால் விலை பல மடங்கு.

போலியின் கைவரிசை

விலை ஏறினால் போலி பின்தொடரும். சாதாரணத் துப்பாக்கியில் புதிதாகத் துளை போடுகிறார்கள். புதிதாகச் செய்த பிடியைப் பழையதுபோல் கறுக்க வைக்கிறார்கள். பழைய எண்ணைத் தேய்த்து அழித்து, வேண்டிய எண்ணைப் பொறிக்கிறார்கள். பிரிட்டனில் இத்தகைய துப்பாக்கி வைத்திருக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். தொலைநோக்கிக்கு அது தேவையில்லை. எனவே அது கைமாறுவதும் சுலபம்.

நகல் செய்வது குற்றமல்ல. நகலை நகல் என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அசல் என்று விற்பதுதான் மோசடி.

இதில் ஏமாறுகிறவர் பணக்காரர்தானே என்று விட்டுவிட முடியாது. பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். அழிந்த எண்ணை மீட்பது எளிதல்ல. எந்தத் துப்பாக்கி எந்தத் தொலைநோக்கியுடன் யுத்தத்துக்குப் போயிற்று என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. பொய் எண் பொறித்தால் சரித்திரமே பொய்யாகிவிடும்.

இது நம் வீடுகளுக்கும் பொருந்தும். அந்த யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். தாத்தாவின் பதக்கம் பெட்டியில் கிடந்தால், அதை அவருடைய பட்டாளக் காகிதங்களோடு சேர்த்தே வையுங்கள். பதக்கத்துக்கு உரியவர் யார் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காகிதமே சொல்லும்.