இரட்டைக் குட்டி ரகசியம்

திருவனந்தபுரத்து இறைச்சிக் கடைக்கு வந்து சேரும் ஆட்டுக்கு மலையாளத்தைவிடத் தமிழ்தான் அதிகப் பழக்கம். எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகளில் விலை பேசி முடிக்கப்படும் ஆடுகள் லாரி ஏறி எல்லை தாண்டுகின்றன. கேரளத்துக்கு ஆடு வளர்க்கத் தெரியாது என்பதல்ல. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி அங்கே 13 லட்சத்துக்கும் மேல் வெள்ளாடுகள். அடிக்கடி இரட்டைக் குட்டி போடும் மலபாரி ஆடு அந்த மண்ணின் செல்லம். செம்மறிதான் இல்லை, மாநிலம் முழுக்கச் சுமார் 1,500.

ஆடுகளை அனுப்பும் தமிழகக் கீதாரியின் கணக்கு எளிது. வேம்பூர் ஆடானாலும் கீழக்கரிசல் ஆடானாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி. இரட்டை அபூர்வம். நகரத்தில் கறி விலை எவ்வளவு ஏறினாலும் அவரால் விற்க முடிவது அந்த ஒன்றைத்தான்.

ஏன் ஒன்று? விடை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் சினைப்பைக்கும் இடையே நடக்கும் பேரத்தில் இருக்கிறது. பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன், முட்டையைச் சுமக்கும் நுண்பைகள் பலவற்றை ஒரே சமயத்தில் வளரத் தூண்டுகிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொள்கிறது. பெரிதானதும் அது ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் சுரந்து, 'போதும், நிறுத்து' என்று பிட்யூட்டரிக்குச் சேதி அனுப்புகிறது. எஃப்.எஸ்.எச். குறைகிறது. பின்தங்கிய பைகள் பட்டினி கிடந்து மடிகின்றன. மிஞ்சுவது ஒரு முட்டை, ஒரு குட்டி.

இந்த ஒழுங்கை மீறிய மந்தை ஒன்று ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பூரூலா பண்ணையில் இருந்தது. கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடுகள்தான். ஆனால் மூன்று, நான்கு என்று குட்டி போட்டன. அந்நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அவற்றை வாங்கி ஆராய்ந்தது. 1980களின் தொடக்கத்தில், இது ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று தெளிவானது. 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. ஆறாவது குரோமசோமில், நுண்பைச் செல்களின் மேல் உட்கார்ந்து ரசாயனச் சேதிகளை வாங்கும் ஒரு புரதம். அதற்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அவ்வளவுதான். விளைவு, பைகள் சிறியதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. வழக்கமாக ஒரு பெரிய பை சுரக்கும் ஹார்மோன் அளவை எட்ட இப்போது பல சின்னப் பைகள் தேவைப்படுகின்றன. 'நிறுத்து' என்ற சேதி போவதற்குள் இரண்டு மூன்று முட்டைகள் தயார்.

மெரினோவுக்கு இது எப்படி வந்தது? 1792, 1793 ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கப்பலேறிய வங்காள ஆடுகள் மீது முதலிலிருந்தே சந்தேகம். சுந்தரவனத்துச் சேற்று வயல்களில் மேயும் கரோல் என்ற குட்டை ஆட்டின் மரபணுவைச் சோதித்தபோது, 2002இல் சந்தேகம் தீர்ந்தது. அதே எழுத்து, அதே இடத்தில். பதினைந்து கிலோகூடத் தேறாத வங்காளத்து ஆட்டின் சொத்து, உலகம் முழுக்க ஆஸ்திரேலியப் பண்ணையின் பெயரால் அறியப்படுகிறது.

சொத்தை இங்கேயே பயன்படுத்திக் காட்டியது மகாராஷ்டிரத்தில் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம். சந்தா நிம்ப்கரின் குழு 1990களில் கரோலை உள்ளூர் தக்காணி ஆட்டுடன் கலந்தது. பிறகு தலைமுறை தலைமுறையாகத் தக்காணியோடே சேர்த்து, உடலைத் தக்காணியாகவும் மரபணுவை மட்டும் கரோலுடையதாகவும் ஆக்கியது. சுவர்ணா என்று பெயர். இரண்டு பிரதி வைத்திருக்கும் கிடாயை மந்தையில் விட்டால், பிறக்கும் பெட்டைகள் அனைத்துக்கும் ஒரு பிரதி நிச்சயம். ஒரு பிரதிக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டி. இரண்டு பிரதி உள்ள பெட்டை மூன்று கூடப் போடும். காய்ந்த மேய்ச்சலில் அது லாபமல்ல, தொல்லை. மூன்றாவது குட்டி எடை குறைந்து பிறக்கும், தாய்க்குப் பால் எட்டாது. நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆட்டின் கதை இன்னும் மோசம். அங்கே வேறொரு மரபணு: ஒரு பிரதி இருந்தால் குட்டிகள் அதிகம், இரண்டு இருந்தால் சினைப்பையே வளராது, ஆடு மலடு.

தெற்கே கதை ஊட்டியில் தொடர்கிறது. பூரூலா மாற்றம் நீலகிரி ஆடுகள் சிலவற்றிலும் இருப்பதாக 2013இல் தமிழக விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றப்பட்டு வரும், எண்ணிக்கை சுருங்கிவிட்ட கம்பளி ஆடு அது. மலை ஆட்டைக் கரிசலுக்கு ஓட்டிவந்தால் வெயிலில் நிற்குமா என்பது வேறு விஷயம். ஆனால் பல்டணில் செய்ததுபோல மரபணுவை மட்டும் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. எந்தக் கிடாயிடம் அது உண்டு என்பதைச் சொல்லக் கொஞ்சம் ரத்தம் போதும். பங்குனி, சித்திரையில் கரிசல் காடு காய்ந்து கிடக்கும்போது இரண்டாவது குட்டிக்குப் புட்டிப்பாலும் தாய்க்குக் கூடுதல் தீவனமும் யார் செலவில் என்பதை எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்லாது. கீதாரி முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.