துறைமுகத்தோடு நின்றால் தேசிய வலையமைப்பா?

“தேசிய” என்ற சொல் மலிவான சொல்லன்று. ஒரு நிறுவனம் தனது வலையமைப்பைத் தேசிய வலையமைப்பு என்று அழைக்குமாயின், அச்சொல்லுக்குரிய விலையை அது செலுத்தியே ஆகவேண்டும். தலைநகரின் மாடங்களையும் மாவட்ட நகரங்களின் கடைவீதிகளையும் இணைத்துவிட்டு, நாட்டையே இணைத்துவிட்டோம் என்று முரசறைவது எவர்க்கும் எளிது. அந்த முரசொலி வெருகல் ஆற்றங்கரையில் கேட்கிறதா என்பதைக் கொண்டே நாம் அதனை மதிப்பிடுவோம்.

ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனம் பழைய செப்புக் கம்பிகளை விலக்கிக் கண்ணாடி இழைகளை நாடெங்கும் இழுத்து வருகிறது. மாவட்டங்களைப் பிணைக்கும் முதுகெலும்பு அமைந்துவிட்டது. வீடுகளுக்கு இழை கொண்டுசெல்லும் வேலை நடைபெறுகிறது. நன்முயற்சி, மனமார வரவேற்கிறோம். ஆனால் திருகோணமலை மாவட்டத்து மக்களின் பெயரால் ஒரு கேள்வியை அதன்முன் வைக்கிறோம். மூதூரின் உட்கிராமங்களுக்கும், தம்பலகாமத்து வயலோரக் குடியிருப்புகளுக்கும், குச்சவெளிக் கரையின் மீனவர் வாடிகளுக்கும் இந்த இழை எந்த ஆண்டில், எந்த மாதத்தில் வந்து சேரும்?

எமது ஐயத்துக்குக் காரணம் உண்டு. திருகோணமலைக்குப் புதுமைகள் வராமல் இருந்ததில்லை. ஆனால் அவற்றுள் எத்தனை இம்மண்ணின் மக்களுக்காக வந்தன? பிரித்தானியக் கடற்படைக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. சீனக்குடாவில் தாங்கிகள் எழுந்தன. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தபின், அத்தாங்கிகளுட் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடுமண்டிக் கிடந்தன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இங்கே அஞ்சல் நிலையம் அமைத்துப் பல்லாண்டு காலம் ஆசிய நாடுகளுக்குத் தன் குரலை அனுப்பிற்று. அவ்வலைகள் எமது கூரைகளுக்கு மேலாகப் பறந்து சென்றன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு உடன்பட்டன. துறைமுகத்தின் ஆழத்தை ஆங்கிலேயன் அளந்தான், அயலார் அளந்தனர், கொழும்பும் அளந்தது. கிராமத்தின் பள்ளத்தை அளந்தவர் யார்? துறைமுகத்துக்கும், உல்லாச விடுதிகளுக்கும், வங்கிக் கிளைகளுக்கும் இழையைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுவதாயின், அது பழைய கதையின் புதிய அத்தியாயமே.

கிராமத்தவனுக்கு இது எதற்கு என்று நகரத்துக் கனவான்கள் சிலர் கேட்கக்கூடும். 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, கியூஆர் குறியீடு இல்லாதவனுக்கு எண்ணெய் இல்லை என்றது அரசாங்கம். உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டிய உழவன் அக்குறியீட்டை இணையத்திற்றான் தேடவேண்டியிருந்தது. 2023இல் அஸ்வெசும உதவித்திட்டம் வந்தது. அதன் நடைமுறைக்குள்ளும் இணையம் புகுந்தது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. அலை கிடைக்காத ஊர்ப் பிள்ளைகள் மரத்தின்மேலும் பாறையின்மேலும் ஏறி நின்று படித்ததை நாடே கண்டது. அரசாங்கமே தன் வாசலை இணையத்துக்கு மாற்றிக்கொண்ட பின்னர், அவ்வாசலுக்குச் செல்லும் பாதையைக் கிராமத்துக்கு மட்டும் மறுப்பது எந்த நீதி?

“கிராமத்தில் இலாபம் இல்லை” என்பது அடுத்த வாதம். அன்பர்களே, சற்றே பின்னோக்கிப் பாருங்கள்! 1980 வரை தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. கறுவாத்தோட்டத்துக்குச் செல்லும் கடிதத்துக்கும் ஈச்சிலம்பற்றைக்குச் செல்லும் கடிதத்துக்கும் ஒரே முத்திரைதான். தூரத்து ஊருக்கு இலாபம் இல்லை என்று தபாற்காரன் பாதி வழியில் திரும்பியதில்லை. அந்தத் திணைக்களத்தின் வழிவந்ததே இன்றைய ரெலிகொம். 1991இல் அது கூட்டுத்தாபனமாயிற்று, 1996இல் கொம்பனியாயிற்று, 1997இல் ஜப்பானிய நிறுவனமொன்று பங்குகொண்டது, 2008இல் அப்பங்கு வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. சட்டை எத்தனை முறை மாறினாலும் கடமை மாறுவதில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், நாட்டு நலனுக்கு இன்றியமையாத சேவைகளுள் கிராமிய சேவையையும் கடல்சார் சேவையையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. வயலும் கடலும் கொண்ட எமது மாவட்டத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பணமும் இல்லாமலில்லை. வெளிநாடுகளிலிருந்து வரும் அழைப்புகளின்மீது 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தால் தீர்வை விதிக்கப்பட்டது. அதில் ஒரு பங்கு தொலைத்தொடர்பு சென்றடையாத இடங்களை வளர்ப்பதற்கென வகுக்கப்பட்டது. அவ்வழைப்புகளை எடுத்தவர்கள் யார்? மத்திய கிழக்கின் வெயிலில் உழைத்த மூதூர், கிண்ணியா மக்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து தாயின் குரலைத் தேடிய எம்மவர்கள். அவர்கள் பேச்சின்மீது விதித்த தீர்வையின் பயன் அவர்கள் பிறந்த கிராமங்களுக்குத் திரும்பிற்றா என்று கேட்பது பிச்சையன்று, உரிமை!

தொழில்நுட்பமும் தடையன்று. செப்புக் கம்பியில் வேகம் சில கிலோமீற்றரிலேயே தேய்ந்துவிடும். ஒளியிழையோ பரிமாற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வரை வேகம் குன்றாது. ஓரிழையையே பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுக்கலாம். செலவு பெரும்பாலும் கண்ணாடியிலன்று. தூணிலும் குழியிலும் கூலியிலுமே. கோபுர அலை போதும் என்பாரும் உளர். கோபுரத்தின் அலையை ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. மாலையானால் அது தள்ளாடுகிறது. அக்கோபுரத்துக்கே வேகம் வேண்டுமானால் அதன் அடிக்கு இழை வந்தாக வேண்டும்.

ஒருகாலத்தில் கிண்ணியாவிலிருந்து வெருகல் வரை துறைக்குத் துறை படகுப்பாதைக்குக் காத்திருந்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் எழுந்தன. பாலம் வந்த வழியில் இழை வரமுடியாதா? ஒரு வழியில் அறுந்தால் மறுவழியில் ஓடும்படி, கந்தளாய், மட்டக்களப்பு, முல்லைத்தீவு ஆகிய மூன்று திசைகளிலும் இம்மாவட்டம் பிணைக்கப்படவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது, தொடர்பு அறுந்த ஊர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? கடலடி வடங்களையும் பாருங்கள்: கல்கிசையில் இறங்கின, கொழும்பில் இறங்கின, மாத்தறையில் இறங்கின. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் கிழக்கில் இருக்க, கிழக்குக் கரையில் ஒன்றும் இறங்கவில்லை!

இது தமிழ்க் கிராமத்தின் குறை மட்டுமன்று. கிண்ணியாவின் முஸ்லிம் உழவனும் கோமரங்கடவலயின் சிங்கள உழவனும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆகவே மாவட்டம் முழுமைக்குமாகக் கேட்கிறோம். மாவட்டச் சராசரி எமக்கு வேண்டாம். சராசரி என்பது நகரத்தின் நிறைவைக் கொண்டு கிராமத்தின் குறையை மறைக்கும் போர்வை. 11 பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும், 230 கிராம சேவையாளர் பிரிவுகளுக்கும் தனித்தனியே கணக்கு வெளியிடப்படட்டும்: இழை வந்த ஊர் எது, வராத ஊர் எது, வரும் நாள் எது?

கணக்குத் தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவும் முடியாது. ரெலிகொமின் பங்குகளில் 49.5 வீதம் திறைசேரியிடம், அதாவது மக்களிடம், இருக்கிறது. அதனை விற்கும் முயற்சி 2023இல் தொடங்கி, ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குகொண்ட கொம்பனிகளையும் கட்டுப்படுத்துகிறது. ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, பொறியியலாளர்களே! உங்கள் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் தமிழிலேயே எழுதுங்கள். உழவர் சம்மேளனங்களே, மீனவர் சங்கங்களே! அதில் ஒப்பமிடுங்கள். 230 பிரிவுகளிலிருந்தும் 230 விண்ணப்பங்கள் செல்லட்டும். மௌனமாயிருக்கும் ஊரை எந்த வரைபடமும் நினைவிற் கொள்வதில்லை.

சொந்தக்காரன் தன் சொத்தின் கணக்கைக் கேட்கிறான். விடை வரும்வரை நாமும் கேட்போம். அதுவரை “தேசிய” என்ற சொல்லை அந்த நிறுவனம் கடனாகவே வைத்திருக்கிறது.