வே பிரிட்ஜுக்கு எர்த் போடுவது யார் வேலை?

நாமக்கல், சங்ககிரி பக்கம் போகிறவர்கள் லாரி எடைபோடும் வே பிரிட்ஜ்களைப் பார்த்திருப்பார்கள். மேடை வெளியே, எடையைக் காட்டும் டிஸ்பிளே பெட்டி பக்கத்து அறைக்குள்ளே. கான்கிரீட் போட ஒரு ஆள், மேடையை இறக்கிப் பொருத்த ஒரு ஆள், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைக்க இன்னொரு ஆள் வருவார்கள். அந்தப் பெட்டிக்கு 230 வோல்ட் கரண்ட் கொடுப்பது மட்டும் பல இடங்களில் யாருடைய வேலையும் இல்லை. ஃபேனும் செல்போன் சார்ஜரும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இதையும் செருகிவிடுவார்கள்.

காரணம் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மின் இணைப்பும் எர்த்திங்கும் வாங்குபவர் பொறுப்பு என்று ஒரு வரி. விலை, டெலிவரி, வாரண்டி எல்லாவற்றுக்கும் பேரம் பேசும் முதலாளி இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுவார். பல லட்சம் ரூபாய் கருவி, ஆனால் அதற்குப் போகும் மூன்று கம்பிக்கு பட்ஜெட்டில் ஒரு பைசா கிடையாது!

முதல் சில மாதங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் காலி மேடையில் எண் ஆடும். 0, 10, 20, மறுபடி 0. இது ஏன் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மேடைக்கு அடியில் இருக்கும் லோட் செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால், சாதாரண வகையில் முழு பாரத்துக்குத் திரும்பி வருவது வெறும் 20 மில்லிவோல்ட். 60 டன் மேடை பத்துப் பத்து கிலோவாகக் காட்டுகிறது என்றால் 6,000 படிகள். ஒரு படிக்கு மூன்று மைக்ரோவோல்ட் சொச்சம்தான். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்தாலே இது கலங்கிப்போகும்.

அப்போது யாராவது ஒரு 'நிபுணர்' வந்து எர்த் கம்பியைக் கழற்றிப் பார்ப்பார். எண் நின்றுவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் கம்பி அதன்பிறகு திரும்ப மாட்டப்படுவதே இல்லை.

எண் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. லோட் செல் கேபிளைச் சுற்றியிருக்கும் ஷீல்டை மேடைப் பக்கமும் பெட்டிப் பக்கமும் எர்த் செய்திருப்பார்கள். இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டு வழியாகக் கரண்டை ஓட்டும். ஷீல்டை ஒரு முனையில், வழக்கமாகப் பெட்டிப் பக்கம் மட்டும், இணைத்தாலே போதும். அதை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்றும் கம்பியைக் கழற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

கழற்றிய பிறகு பெட்டிக்குள் பேஸ் கம்பி தகரத்தில் உரசினால்? யாராவது தொடும்வரை ஒன்றும் ஆகாது. உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லிஆம்பியர் ஓடும். ஆளைக் கொல்ல அது தாராளம். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது கொசுக்கடி. ஷீல்டு மேடையோடும் சேர்ந்திருந்தால் கரண்ட் இரும்பு மேடைவரை போகவும் வழி உண்டு. மழையில் வெறுங்காலோடு இறங்கும் லாரி கிளீனருக்கு அது எப்படித் தெரியும்?

சரி, எர்த் குழி தோண்டிவிட்டால் போதுமா? போதாது. அந்தக் குழியின் தடை 20 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி விழாது, பெட்டியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால்தான் நொடிக்குள் விழும். அதன் விலை சில ஆயிரம். கருவிக்குத் தனி எர்த் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். தோண்டட்டும், ஆனால் அதைக் கட்டடத்தின் மெயின் எர்த்தோடு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் எகிறும், நடுவில் மாட்டிக்கொள்ளும் லோட் செல்லும் பெட்டியும் போகும். புதிது வாங்கிய செலவை ரிப்பேர் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

மின்வேலை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும், எங்கள் ஆள் கை வைக்க முடியாது என்று விற்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செய்ய வேண்டாம். அளந்து பார்க்காமல் சுவிட்ச் போட மாட்டேன் என்று சொல்லலாமே? 2009ஆம் வருட எடையளவுச் சட்டப்படி முத்திரை வைக்க தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார். அவர் பார்ப்பது எடை சரியா என்பதை. முத்திரைத் தேதியை எந்த முதலாளியும் மறப்பதில்லை, மறந்தால் தொழில் நின்றுவிடும். எர்த்துக்கு அப்படி ஒரு தேதி யார் நினைவிலும் இல்லை.

ஆகவே பிடி இருப்பது வாங்குபவர் கையில்தான். பொருத்த வந்தவர் கிளம்பும் முன் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுத்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். கடைசி அளவு இரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். அப்பட்டமாக 0 என்று காட்டினாலும் சந்தோஷப்பட வேண்டாம். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருக்கலாம். அப்படி இருந்து எங்கோ நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க கரண்ட். சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணைச் செக் மேஜை டிராயரிலேயே இருக்கட்டும்.