ஒழுகும் கியர்பாக்ஸை எடைக்குப் போடலாமா?

சென்னைக்காரர்கள் தங்கள் ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்லத்தக்கது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை அடிப்படையாக வைத்து, வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் தயாரித்தார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில் வரவே இல்லை. அது இங்கே மட்டுமே வந்தது. மிஞ்சிய வண்டிகள் இன்று ஷெட்டுகளில் துணி போர்த்தி நிற்கின்றன. பலவற்றின் அடியில், பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே, தரையில் ஓர் எண்ணெய்க் கறை.

கறையைப் பார்த்ததும் எடுக்கப்படும் முடிவுதான் கவலை தருகிறது. ‘பழைய பெட்டி இனி சரிப்படாது, வேறு வண்டிப் பெட்டியை மாட்டிவிடலாம்’ என்று உரிமையாளருக்கு யோசனை சொல்கிறார்கள். மவுண்டிங்கை வெட்டி, வெல்டிங் வைத்து, புதுப் பெட்டியை உட்கார வைக்கிறார்கள். கழற்றிய பெட்டி எடைக்குப் போகிறது. அதோடு அதன் பல்சக்கரங்களும் போகின்றன. வேறொரு ஹெரால்டுக்கு உதிரிபாகமாகக்கூட அவை திரும்பக் கிடைக்காது.

இத்தனைக்கும் கசிவின் காரணம் பெரும்பாலும் சின்னது. வேகமாகப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், அடிப்பகுதி முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து பார்த்தால், எண்ணெய் இறங்கும் வழி பவுடரில் கோடாகத் தெரியும். பெல் ஹவுசிங்கிலிருந்து சொட்டுவது இன்ஜின் ஆயிலாகவும் இருக்கலாம், கியர் ஆயிலாகவும் இருக்கலாம். விரலில் தொட்டு முகர்ந்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக அடிக்கும்.

பின்பக்க ஆயில் சீல் போயிருந்தால் பெட்டியை இறக்கவே வேண்டாம். புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, ஃபிளாஞ்சைக் கழற்றினால் சீல் கைக்கு வந்துவிடும். புது சீல் போட்டும் ஒழுகினால், சீலின் ரப்பர் உதடு உரசி உரசி இரும்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கக் கதை வேறு. பழைய ஹெரால்டு பெட்டிகள் பலவற்றில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. மூடியின் உள்ளே இருக்கும் மரைதான், தண்டு சுழலும்போது எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். நிற்கும் வண்டியில் மரை என்ன செய்யும்? அளவுக்கு மேல் ஊற்றினாலும், மூக்கு சாய்ந்தபடி நாள்கணக்கில் நிறுத்தினாலும் எண்ணெய் முன்னால் வழிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். ஒரு லிட்டர்கூடக் கொள்ளாத பெட்டி அது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு பிளக் வரை ஊற்றினால் போதும். ஜிஎல்-4 ரகமே பொருத்தம். பெட்டிக்குள் வெண்கல உறுப்புகள் இருப்பதால், கிடைத்த ஜிஎல்-5 ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது.

பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்றாலும் ஹெரால்டு ஒத்துழைக்கும். சீட்டுகளை எடுத்து, நடுவிலுள்ள டனல் மூடியைக் கழற்றினால் பெட்டியை வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். இதைச் செய்து பழகிய மூத்த மெக்கானிக்குகள் கியர்பாக்ஸ் மூடியின் மேல் பழுப்புத் தாளை வைத்து, விளிம்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே பேக்கிங்கை வெட்டி எடுப்பார்கள். போல்ட் துளைகள்கூடத் தட்டிலேயே விழும். அந்தக் கையின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஐடிஐ மாணவர்களை அனுப்பினால் என்ன?

மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விஏ’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் வாகனமாகப் பதிய வழிசெய்தது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றை ஓட்டலாம். அதனால் வண்டி நிற்கும் நாட்களே அதிகம். சீல் காய்ந்து இறுகும் வாய்ப்பும் அதிகம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வரிசையில் கியர்பாக்ஸ் இல்லை. அமைச்சகம் அதையும் சேர்க்க வேண்டும். அதுவரை, விஏ எண் கேட்டு வரும் வண்டியில் சேஸி எண்ணைச் சரிபார்க்கும் அலுவலர், கொஞ்சம் குனிந்து டனலுக்குக் கீழேயும் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.